எடுத்துப் பார்க்காமல் பாத்திரம் வாங்குவார்களா? ஆன்லைனில் ஐந்து வருஷம்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்னப் பாத்திரக்கடை. எவர்சில்வர் கிடையாது. பித்தளை, வெண்கலம், செம்பு, ஈயச்சொம்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அவ்வளவுதான். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது, வைகாசி முகூர்த்தத்துக்கென்று கடனில் எடுத்த சீர்வரிசைச் சரக்கு பரண் வரை நிறைந்திருந்தது. கல்யாணங்கள் வீட்டுக்கூடத்திலேயே முடிந்துபோயின. அண்டாவும் தவலையும் யாருக்கு வேண்டும்? ஆன்லைனில் போட்டுப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கணக்கு நோட்டிலிருந்து நிமிராமலே, "எடுத்துப் பார்க்காம எவன்டா பாத்திரம் வாங்குவான்?" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதில் நான் போட்ட பணம், நேரம், இழுத்த சண்டை எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடத்தான் போயிருக்கிறது.

முதல் சிக்கல் விலை. இணையதளம் எதை எடுத்தாலும் ஒரு பொருளுக்கு ஒரு விலை கேட்கும். எங்கள் வியாபாரமோ தராசு வியாபாரம். ஒரே அச்சுப்போல் இருக்கும் இரண்டு தவலைகளில் ஒன்று 2 கிலோ 150 கிராம் இருக்கும், மற்றது 2 கிலோ 400. சராசரி போட்டு விலை வைத்தேன். எடை குறைந்ததை வாங்கிய ஒருவர், சமையலறைத் தராசில் வைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டார். அவர் பக்கம்தான் நியாயம். அதிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் தராசில் ஏற்றி, எண் தெரியப் படமெடுத்து, தனித்தனியாகத்தான் போடுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பதினைந்து உருப்படி தாண்டாது. ஆனால் எடைச் சண்டை அதோடு நின்றது.

அடுத்தது ஓசை. வெண்கலத்தைச் சுண்டினால் ஒலி நீண்டு நின்று அடங்க வேண்டும். அதைப் படத்தில் காட்ட முடியாது, பத்து விநாடி வீடியோதான். விரல் மடக்கிச் சுண்டுவது அப்பா. வேண்டாம் என்று சொன்ன மனிதர், இப்போது வேறு யாரையும் சுண்ட விடுவதில்லை.

தளத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் தெரிந்த பையன் ஒருவன் செய்து தந்தான், ஆறு மாதத்தில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். அப்புறம் மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ரெடிமேட் தளத்துக்கு மாறினேன். எங்களுக்கு அது போதும். ஆள் தளத்தைப் பார்க்கிறார், வாட்ஸ்அப்பில் வந்து பேசித்தான் வாங்குகிறார். பணமும் பெரும்பாலும் யுபிஐதான்.

பெரிய விற்பனைத் தளம் ஒன்றிலும் எட்டு மாதம் இருந்தோம். கமிஷன் போனால் போகட்டும். வெண்கல உருளி அனுப்பினோம். ரிட்டர்ன் பெட்டியைப் பிரித்தால் உள்ளே நசுங்கிய பித்தளைச் சட்டி. புகார் எழுதி எழுதி அலுத்துப்போய் வெளியே வந்துவிட்டோம். கேஷ் ஆன் டெலிவரியையும் அப்போதே நிறுத்தினேன். வாங்க மறுத்தால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் நம் தலையில்.

இனி பேக்கிங். புதிதாக இறங்குகிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? உருளியைச் சுற்றி வைக்கோல் அடைத்து அனுப்பினோம், பார்க்கவும் அழகாக இருந்தது. ஐப்பசி அடைமழையில் போன பெட்டிகளில் வைக்கோல் நமுத்து, பித்தளை முழுக்கக் கறுத்த திட்டு. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்தான். புதுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இப்போது அட்டையும் குமிழி உறையும்தான். பித்தளை விழுந்தால் நசுங்கும், வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும், அதனால் வெண்கலப்பானைக்கு வாய் விளிம்பில் மட்டும் இரண்டு சுற்று அதிகம். குத்துவிளக்கு ஒரு தொந்தரவும் தராது. அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி எல்லாம் மரை கழற்றிப் பிரித்து அடுக்கலாம்.

கூரியர் எடை தனிக்கதை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். மூன்று அளவும் 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டி என்றால் 12.8 கிலோ கணக்கு. உள்ளே இருக்கும் அண்டாவோ ஐந்து கிலோ. மீதி காற்றுக்குக் கூலி. அதனால் அண்டா கேட்பவரிடம், "உள்ளே டவரா செட்டோ சொம்போ வையுங்கள், அனுப்பும் செலவு ஏறாது" என்று சொல்லிவிடுவேன். பாதிப்பேர் சரி என்கிறார்கள்.

ஈயச்சொம்பு எங்கள் கடையில் ஓடும் சரக்கு. வெள்ளீயத்தில் செய்வது. உலகச் சந்தையில் வெள்ளீயம் 2021 தொடக்கத்தில் டன் 20,000 டாலரை ஒட்டி இருந்தது, அடுத்த வருஷத் தொடக்கத்தில் 40,000-ஐத் தாண்டியது. சொம்பு விலையைக் கேட்டு ஆட்கள் ஓடினார்கள். அது விலைச் சங்கடம். உருகும் சங்கடம் வேறு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்தைச் சொம்பில் ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும், வெறும் சொம்பை வைத்தால் போச்சு. இந்தப் பக்கத்து வீடுகளில் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. புனேயிலிருந்து ஒரு அம்மா வீடியோ காலில் அடுப்பைக் காட்டினார்: பர்னர்மேல் வெள்ளிக்குழம்புபோல் வழிந்து உறைந்த சொம்பு. "தம்பி, டூப்ளிகேட் குடுத்துட்டியே!" என்றார். "இல்லைம்மா, அசல்னாலதான் உருகியிருக்கு" என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. உருகிய கட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அந்த எடைக்குக் கழித்துக்கொண்டு வேறு சொம்பு அனுப்பினோம்.

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுக்கும் வழக்கம் ஆன்லைனில் அந்த ஒருமுறை நடந்ததுதான். கடை வியாபாரத்தில் அது பெரிய பங்கு, அதை இழந்துவிட்டோம். ஈடாக எதிர்பாராமல் வந்தது பெயர் வெட்டுவது. வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் பாட்டி பெயரை வெட்டிக் கேட்கிறார்கள். வெட்டும் முன்பு எழுத்தை வாட்ஸ்அப்பில் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவேன். பெயர் வெட்டிய பாத்திரத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்றும் சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

விற்பனையில் ஆன்லைன் பங்கு இப்போது மூன்றில் ஒன்று. ஆடியில் கடை ஈயாடும்போது கரண்ட் பில்லும் ஆள் சம்பளமும் அதிலிருந்துதான். ஈயச்சொம்பு கேட்டு யார் வந்தாலும், விலை சொல்வதற்கு முன்பு அப்பா கேட்கச் சொல்லியிருக்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? இண்டக்‌ஷன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.