டேட்டாமால் பஸ் தரவு: இலவசம்தான், ஒப்பிடும்போதுதான் வேலை

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமாலில் பதிந்து ஒரு சாவி (அணுகல் குறியீடு) வாங்கிவிட்டால், சிங்கப்பூர் பேருந்துத் தரவு காசில்லாமல் ஜேசான் என்ற உரை வடிவத்தில் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அரே, ஆப்ஜெக்ட், லூப் பழகுகிறவர்களுக்கு உள்ளூரில் இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. பாடப் பயிற்சிகளில் எட்டிப் பார்க்காத சிக்கல்கள் இதில் வரிசையாக நிற்கும்.

எண்போல் தெரிகிற பல எண்ணல்ல, ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். சேவை எண்கள் 2, 15, 100 மூன்றையும் வெறும் சார்ட்டில் போட்டால் 100, 15, 2 என்று வரும். நம்பராக மாற்றலாம் என்றால் 410டபிள்யூ போன்றவை இடிக்கும். ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் லோக்கேல்கம்பேரில் நியூமரிக் ஆப்ஷனை ட்ரூ ஆக்குவதே வழி. நிறுத்தக் குறியீட்டையோ மாற்றவே கூடாது: விக்டோரியா ஸ்ட்ரீட்டின் 01012, நம்பரானதும் 1012 ஆகிவிடும், அப்புறம் ட்ரிபிள் ஈக்வல்ஸில் எதனோடும் பொருந்தாது.

பலரும் சறுக்குவது வருகை நேரத்தில். அடுத்த பேருந்துக்குத் தகவல் இல்லையென்றால் அந்தப் புலம் காலி ஸ்ட்ரிங்காக வரும். அதை டேட் ஆக்கி கெட்டைம் கேட்டால் 'நாட் எ நம்பர்'. முதல் ஆப்ஜெக்ட்டையே 'இதுவரை சிறியது' என்று வைத்து லூப்பைத் தொடங்கி, அந்த முதலாவதே காலியாக இருந்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு 'இதைவிடச் சிறியதா' கேள்விக்கும் ஃபால்ஸ்தான். எர்ரர் எதுவும் வராது. கடைசிவரை காலிப் பேருந்தே ஜெயிக்கும். தொடக்க மதிப்பை இன்ஃபினிட்டி என்று வையுங்கள், காலியைக் கன்டினியூ போட்டுத் தாண்டுங்கள். ஃபார்ஈச்சில் கன்டினியூவோ பிரேக்கோ செல்லாது என்பதால் இங்கே ஃபார்-ஆஃப் தான் தோது.

கடைசிப் பேருந்து நேரமும் ஸ்ட்ரிங்தான். நள்ளிரவு தாண்டிய 0015, 2330-ஐவிடச் சிறியதாகத் தெரியும். நேரங்களை நம்பராக்கி, 0300-க்குக் கீழே இருப்பவற்றோடு 2400 கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். சேவை இல்லாத நாளுக்கு வெறும் கோடு வரும், அதையும் தள்ளுங்கள்.

ஓர் அழைப்புக்கு 500 வரிசைதான். எத்தனை வரிசையைத் தாண்டுவது என்று சொல்லும் ஸ்கிப்பை 500, 1000 என்று ஏற்றிக்கொண்டே போய், 500-க்குக் குறைவாக வந்ததும் நிறுத்த வேண்டும், கொஞ்சம் எரிச்சல்தான். நிறுத்தங்கள் 5,000-க்கு மேல், வழித்தட வரிசைகள் 20,000-க்கு மேல். லூப்புக்குள் லூப் போட்டு இரண்டையும் பொருத்தினால் 10 கோடி ஒப்பீடு, பிரவுசர் உறைந்துவிடும். நிறுத்தக் குறியீட்டைச் சாவியாக வைத்து ஒரு மேப் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியல்) கட்டிக்கொண்டால் இரண்டு அரேயையும் தலா ஒரு முறை சுற்றினாலே போதும்.