ஐகிடோ வகுப்புக்கு வருஷக் கட்டணம் மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்

நேற்று இரவுதான் கடைசியாகப் பதில் வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 36 மாதக் கட்டணம் போய்விட்டது. நான், மனைவி, 9 வயது மகள், ஆளுக்கு 12 மாதம், மொத்தமும் முன்கூட்டியே கட்டினேன்.

பெயர் போடவில்லை. ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவைப் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து கற்கும் ‘சமூக’ப் பள்ளி, லாபத்துக்கு நடத்தவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஏமாந்த இடம் கண்ணிலேயே நிற்கிறது. முதல் நாள் மாஸ்டர் என் மகள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளை பெல்ட்டை அவள் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சை இழுத்துச் சரிசெய்தபடி, “இங்க யாரையும் ஜெயிக்க வேண்டாம்மா, அடிபடாம விழக் கத்துக்கிட்டா போதும்” என்றார். இந்தக் கலையை உருவாக்கிய மோரிஹெய் உவேஷிபா போட்டியே வேண்டாம் என்றவர், அதற்காகத்தான் நான் ஐகிடோவைத் தேடிப் போனேன். அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். “வருஷத்துக்குக் கட்டினா சலுகை, இன்னைக்கு மட்டும்தான்” என்றார். “ரெண்டே வருஷத்துல பாப்பாவுக்கு பிளாக் பெல்ட்” என்றும் சொன்னார். அங்கேயே கட்டினேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

ஐகிகாய் என்ற ஐகிடோ அமைப்பின் டோக்கியோ தலைமையகத்தின் விதிப்படி முதல் டானுக்கு, அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படிக்கு, 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழும் ஐகிகாய் கொடுத்ததுதான் என்றார். அப்படியானால் 9 வயதுப் பாப்பாவுக்கு ரெண்டே வருஷத்தில் பிளாக் பெல்ட் எப்படி? இந்த விதியை நான் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து மாஸ்டரைக் காணோம். சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பையன் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தான். தலை தரையில் படாமல் தோள் வழியாக உருண்டு எழும் உகேமியை ஒரே நாளில் முடித்துவிட்டு, மணிக்கட்டை மடக்கிப் பூட்டும் நிக்யோவுக்குப் போய்விட்டான். வளரும் எலும்பில் செய்கிற காரியமா அது? மகள் வலி தாங்காமல் பாயைத் தட்டினாள். தட்டினால் அந்த நொடியே பிடியை விட வேண்டும், முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம். அவளோடு பயிற்சி செய்த சிறுவனுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை. அவள் மூன்று முறை தட்டியும் அவன் விடவில்லை. நான் ஓடிப்போய்ப் பிரித்தேன். வீடு வருவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சென்செய் (மாஸ்டர்) செமினார்ல இருக்கார்.” அடுத்த வாரம், “கணக்கு பாக்கறவர் லீவு.” அப்புறம், “கட்டின பணம் திரும்பாது, அதான் ரூல்.” எந்த ரூல், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. நேற்று மாஸ்டரே அனுப்பினார்: “கோபத்தை விடறதுதான் ஐகிடோ. நீங்க இன்னும் அதைக் கத்துக்கலை.” என் மகள் கையில் கட்டோடு படுத்திருக்கிறாள், 36 மாதக் கட்டணம் அவர் கையில் இருக்கிறது, எனக்கு உபதேசம்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. மாதாமாதம் கட்டுங்கள். சேருவதற்கு முன் குழந்தைகள் வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள், தட்டினால் விடுகிறார்களா என்று கவனியுங்கள். டான் யார் கொடுத்தது என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

நாளைக் காலை மறுபடி போகிறேன். 36 மாதக் கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் அந்த வாசலை விட்டு நகரமாட்டேன்.