வாசித்து முடித்த அடுத்த நொடி: கைப்பேசியில் வேதாகமம், 2020 முதல் இன்று வரை

போன வாரம் என் கைப்பேசி நான்கு நாள் பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. பேட்டரி உப்பித் திரையை மேலே தள்ளிவிட்டது. புதுப் பேட்டரி, புதுத் திரை, கூலி எல்லாம் சேர்த்து 260 மலேசிய வெள்ளி. அது திரும்பி வந்த மறுநாள், ஞாயிறு பாடசாலையில் என்னோடு வகுப்பெடுக்கும் அக்கா கேட்டார்: “பையனுக்கு அடுத்த மாதம் திடப்படுத்தல். வேதாகமம் வாங்கிக் கொடுக்கட்டுமா, கைப்பேசியில் இருப்பதே போதுமா? நீதான் பல வருடமாக அதில் வாசிக்கிறாயே, சொல்லம்மா.” திடப்படுத்தல் என்பது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைச் சபையின் முன் தானே அறிக்கையிடும் சடங்கு. ஆலய வாசலில் நின்றபடி ஏதோ ஒரு பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அது பாதிப் பதில் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 18 அன்று இங்கே கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோதுதான் நான் கைப்பேசியில் வேதாகமச் செயலியை இறக்கிக்கொண்டேன். ஆராதனை திரைக்குப் போனது, வேதாகமமும் கூடவே போனது. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் நான் கைப்பேசியை விடவில்லை. காரணம் ரயில். கோலாலம்பூரில் செந்தூல் தீமோர் நிலையத்தில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறி கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறேன். காலையில் முதல் நிலையத்தில் ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். மாலையில் ஒரு கை மேலே தொங்கும் பிடியில், மறு கையில் பை. அந்த நெரிசலில் கெட்டி அட்டைப் புத்தகத்தை விரிக்க முடியாது. கட்டைவிரல் ஒன்றே போதும் என்கிற சாதனம் அங்கே பெரிய உதவி.

கணக்கு எளிது. வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வார நாள்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும் என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்தார்கள். நானும் ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்குவேன். ஆதியாகமம் ஓடும், யாத்திராகமம் பாதி ஓடும், லேவியராகமத்தின் பலி விதிகளில் கால் புதைந்துவிடும். கைப்பேசிக்கு மாறிய பிறகுதான், 2021 கடைசியில், வெளிப்படுத்தின விசேஷத்தின் 22ஆம் அதிகாரத்தை வாழ்நாளில் முதன்முறையாக வரிசையில் வந்து தொட்டேன். அன்று சுல்தான் இஸ்மாயில் நிலையத்துக்கும் பண்டாராயாவுக்கும் நடுவில் என் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகு இன்னும் இரண்டு முறை முடித்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு எந்தக் குறை சொன்னாலும் அது நியாயமாகாது.

எழுத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன. அவற்றால் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கேட்டுப் பழகிய கதை. அன்றிலிருந்து தமிழ் வேதாகமம் என்றாலே பொடி எழுத்துதான். இன்று நான் இரண்டு விரலை விரித்தால் எழுத்து விரிகிறது. நாற்பத்தெட்டு வயதில், வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில், அந்த விரிவுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

தேடலைப் பற்றி ஒரு நுணுக்கம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. நாங்கள் வாசிப்பது 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் நடை. அதில் சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். 23ஆம் சங்கீதத்தைத் தேட “மேய்ப்பர்” என்று தட்டினால் அந்த வசனம் வராது. ஏனென்றால் அங்கே இருப்பது “மேய்ப்பராயிருக்கிறார்”. கணினிக்கு ‘ர்’ என்பது ரகரமும் அதன்மேல் ஒரு புள்ளியும். வசனத்தில் ரகரத்துக்கு அடுத்து வருவது புள்ளி இல்லை, கால். அதனால் இரண்டும் வேறு என்று அது முடிவு செய்துவிடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு “மேய்ப்பர” என்று தட்டிப் பாருங்கள், வந்து நிற்கும். இந்த ஒரு தந்திரம் தெரிந்த பிறகு, பாதி நினைவில் இருந்த எத்தனையோ வசனங்களை மீட்டிருக்கிறேன். எங்கள் போதகருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். பிரசங்கக் குறிப்பு எழுதும்போது உதவுகிறது என்றார்.

தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒலி வடிவமும் நல்லது. குரல் வாசிக்க, வாசிக்கிற வசனம் திரையில் நிறம் மாறிக்கொண்டே போகும். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு தமிழை விட்டுவிட்ட இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் இப்படித்தான் மறுபடி வாசிக்கப் பழகினார்கள்.

கைப்பேசிக்குள் வேதாகமத்தைக் காப்பாற்ற நான் செய்துகொண்ட ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் திரையில் வேதாகமச் செயலி மட்டும்தான் இருக்கிறது. புலனத்தை, அதாவது வாட்ஸ்அப்பை, கடைசித் திரைக்குத் தள்ளிவிட்டேன். விடியற்காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு மணி வரை எந்த ஒலியும் வராதபடி நேரம் குறித்து வைத்தேன். மொழிபெயர்ப்பை முழுவதுமாக இறக்கி வைத்திருப்பதால், இணையத்தை அணைத்துவிட்டே வாசிக்கலாம். இவ்வளவும் வேலை செய்கின்றன. வாசிக்கும்போது குறுக்கே வரும் தொல்லை ஏறக்குறைய நின்றுவிட்டது. ‘கைப்பேசியில் வாசித்தால் கவனம் சிதறும்’ என்று சொல்பவர்களுக்கு என் பதில், இந்த நான்கையும் செய்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள் என்பதுதான்.

என் கோபம் வாசித்து முடித்த பிறகு வருவதைப் பற்றியது.

ஓர் ஆண்டுக்கு முன் செயலி புதுப்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து, அன்றைய பகுதி முடிந்ததும் திரை முழுவதும் வண்ணக் காகிதத் துண்டுகள் பொழிகின்றன. நடுவில் “அருமை!” என்று ஒரு சொல். அதன் கீழே தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்ற எண். அதற்கும் கீழே, நண்பர்களுடன் பகிரச் சொல்லி ஒரு பொத்தான். இணையத்தை அணைத்து வைத்தாலும் வருகிறது, ஏனென்றால் அது செயலிக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தை மேலும் கீழும் தேடிவிட்டேன். நினைவூட்டலை நிறுத்த வழி இருக்கிறது. இந்த வாழ்த்தை நிறுத்த வழி இல்லை.

ஈப்போவில் பெரியப்பாவை அடக்கம் செய்துவிட்டு நள்ளிரவு தாண்டி வீடு திரும்பினேன். தூக்கம் வரவில்லை. ஐந்தரைக்கு எழுந்து அன்றைய பகுதியைத் திறந்தேன். வரிசைப்படி வந்தது 88ஆம் சங்கீதம். புலம்பலில் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய்ச் சேரும். இது சேராது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வராமல், இருளிலேயே முடிந்துவிடும். அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறாரே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆறுதல் உண்டு. அன்று அது எனக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது. கடைசி வசனத்தை வாசித்து விரலை எடுத்தேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்புக் காகிதங்கள். “அருமை!”

கைப்பேசியைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்துவிட்டேன். யாரோ செத்த வீட்டுக்குள் வந்து கைதட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

நியாயத்துக்காக ஒன்று சொல்கிறேன். அந்த எண் இல்லாவிட்டால் முதல் முறை லேவியராகமத்தை நான் தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அப்போது காகிதப் பொழிவு கிடையாது, ஓரத்தில் சின்னதாக எண் மட்டும் இருந்தது. 27 அதிகாரங்களையும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். என் தங்கை மகனும் எண் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே நாற்பது நாள் தொடர்ந்து வாசித்தான். தொடங்குகிறவர்களுக்கு அது ஊன்றுகோல். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் திரை பிடுங்கிக்கொள்வது என்ன என்று எனக்குப் போன வாரம்தான் புரிந்தது.

கைப்பேசி கடையில் இருந்த நான்கு நாளும், அலமாரியிலிருந்து என் திடப்படுத்தலுக்குக் கிடைத்த வேதாகமத்தை எடுத்தேன். ஜிப் வைத்த கறுப்பு உறை. இந்த ஊர் ஈரத்தில் ஜிப் பச்சை பூத்து இறுகிப்போயிருந்தது. மெழுகுவத்தித் துண்டைப் பல்வரிசையில் மேலும் கீழும் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திறந்தேன். ஓரத்துச் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டியது. எழுத்து பொடிதான், கண்ணாடி வேண்டியிருந்தது. ஆகாய் எங்கே என்று விரல் தடுமாறியது. பல வருடம் பெயரைத் தொட்டே போய்ப் பழகியதில் புத்தகங்களின் வரிசை எனக்கு மறந்திருக்கிறது. செப்பனியாவுக்கு அடுத்து என்று நினைவு வர ஒரு நிமிடம் ஆயிற்று.

வாசித்து முடித்தேன். ஜிப்பை மூடினேன். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. கை இரண்டும் மடியில் சும்மா இருந்தன. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம், பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி, கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிற சத்தம். வாசித்த வசனம் உள்ளே நின்றுகொண்டிருந்தது. மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ அப்படியே இருந்தேன். என் ஜெபம் அங்கிருந்து தானாகத் தொடங்கியது. கைப்பேசியில் அந்த இடத்தில்தான் காகிதம் பொழிகிறது. பொழிந்ததும் அதை மூடுகிறேன், மூடியதும் விரல் கடைசித் திரைக்குப் போய்ப் புலனத்தைத் தொடுகிறது. குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் வரிசையாக நிற்கின்றன. வசனம் அதற்குள் போய்விடுகிறது.

கைப்பேசி திரும்பி வந்த அன்று செயலியைத் திறந்தேன். பழுதாவதற்கு முன் 611 என்று காட்டிய எண், அன்றைய பகுதி முடிந்ததும் 1 என்று காட்டியது. கூடவே காகிதங்கள், “அருமை!” ஆண்டுக்கணக்கில் நான் மிக நன்றாக வாசித்த நான்கு நாள்கள் அதன் கணக்கில் இல்லை.

ஆகையால், அக்கா, உங்களுக்கு என் பதில். பெரிய எழுத்து, ஒலி, தேடல், ரயிலில் ஒரு கையால் வாசிக்கும் வசதி, மூன்று முறை முழு வேதாகமம். ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அதில் கஞ்சத்தனம் இல்லை. நாளை மாலை மஸ்ஜிட் ஜாமெக்கில் ஏறியதும் நானே அதைத்தான் திறப்பேன். ஆனாலும் தம்பிக்குப் புத்தகமாகவே வாங்கிக் கொடுங்கள். அவன் கையில் கைப்பேசி ஏற்கெனவே இருக்கிறது, செயலியை அவன் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்வான். இன்று என்னைக் கேட்டால் இதுதான் பதில். அடுத்த வருடம் அந்த வாழ்த்துத் திரையை எடுத்துவிட்டார்கள் என்றால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.

வாங்கும்போது ஜிப்பை நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள், மூலை திரும்பும் இடத்தில் சிக்கினால் வேறு பிரதி கேளுங்கள். எழுத்தின் அளவை எசேக்கியேலில் திறந்து பாருங்கள், ஆதியாகமத்தின் முதல் பக்கத்தில் பார்க்க வேண்டாம், அங்கே தலைப்பெல்லாம் சேர்ந்து பக்கம் விசாலமாகத்தான் தெரியும். பையன் தன் பெயரைத் தானே தமிழில் எழுதட்டும். உறைக்குள் ஒரு சின்ன மெழுகுவத்தித் துண்டு போட்டுக் கொடுங்கள்.