குளிர்காலத்தில் வெர்சாயா, ஷோன்ப்ரூனா?

டிசம்பரில் ஐரோப்பா போகிறவர்கள் பலர் அரண்மனை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். சூரியன் எப்போது மறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மாத நடுவில் வெர்சாய் அரண்மனை இருக்கும் பாரிஸ் பக்கம் மாலை 5 மணிக்குச் சற்று முன்பும் ஷோன்ப்ரூன் அரண்மனை இருக்கும் வியன்னாவில் 4 மணி வாக்கிலும் சூரியன் மறைந்துவிடும், தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

முதலில் வெர்சாய். பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, 1919 உடன்படிக்கை, அது கையெழுத்தான அதே இடம்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை அரண்மனை காலை 9 முதல் மாலை 5:30 வரை, அதாவது கோடையைவிட ஒரு மணி நேரம் குறைவு. திங்கட்கிழமை கிடையாது, டிசம்பர் 25, ஜனவரி 1 கிடையாது. தோட்டத்தைத் தாண்டியுள்ள ட்ரியானோன் என்ற சிறு மாளிகைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், காலையிலேயே அவ்வளவு தூரம் நடந்து போய்க் குளிரில் நிற்க வேண்டாம். நீரூற்றுக் காட்சி இல்லை, உறைபனியில் விரிசல் விடாமலிருக்கச் சிலைகளையும் போர்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

அப்புறம், கண்ணாடி மண்டபம். அதன் 17 சன்னல்களும் தோட்டத்தைப் பார்த்து மேற்கு நோக்கி இருக்கின்றன, எதிர்ச் சுவரில் 357 கண்ணாடிகள். ஜூனில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும், அதற்குள் அரண்மனையை எப்போதோ மூடியிருப்பார்கள். அந்தி வெளிச்சம் கண்ணாடியில் விழுவதை மூடும் நேரத்துக்குள் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில்தான் முடியும், வானம் தெளிவாக இருந்தால். எனக்கு இது ஒன்றே போதும்.

ஷோன்ப்ரூனின் பலம் வேறு. வருடம் முழுக்கத் திறந்திருக்கும், திங்களும் உண்டு, கிறிஸ்துமஸ் அன்றும் உண்டு. அரண்மனையை மாலை 5 மணி வாக்கில் மூடுகிறார்கள். பூங்கா காலை 6:30க்கே திறந்துவிடும், இலவசம். குன்றின் மேலுள்ள குளோரியட் மண்டபத்தின் மாடியும் செடிப் புதிர்ப்பாதையும் குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஆனால் 1752இல் தொடங்கிய உயிரியல் பூங்கா அதே வளாகத்தில் திறந்திருக்கிறது, முன்முற்றத்தில் கிறிஸ்துமஸ் சந்தையும் நடக்கும். இருட்டிய பிறகும் பொழுது போகும் இடம் என்பதால், குழந்தைகளோடும் வயதான அப்பா அம்மாவோடும் போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பெர்லின் பக்கம் இருந்தால் போட்ஸ்டாம் நகரின் சான்சூசி அரண்மனையும் உண்டு. அங்கே சிலைகளுக்கு மரப்பெட்டி மாட்டிவிடுவார்கள், அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, சூரியன் 4 மணிக்கு முன்பே போய்விடும். பூங்காவில் நடக்க அருமை, அதற்காக மட்டும் தனிப்பயணம் வேண்டாம்.

சரி, தனியாகவோ இருவராகவோ போகிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள் என்றால் வெர்சாய். செவ்வாயைத் தவிருங்கள், முந்தின நாள் வெர்சாய் மூடியிருக்கும், செவ்வாயன்று பாரிசில் லூவர் அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஆகவே கூட்டம் இங்கே வந்து சேரும். புதன் அல்லது வியாழன் காலை தோட்டம், 12 மணிக்கு ட்ரியானோன், 3:30 வாக்கில் அரண்மனைக்குள் நுழைந்து, மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு 4:30க்குக் கண்ணாடி மண்டபத்தில் இருங்கள்.