கூடத்துக்கு ஒரு பழைய பிஎஸ்4: திருநெல்வேலி வெயிலுக்குத் தாங்குமா?

டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற சோனியின் பெட்டி பிளேஸ்டேஷன் 4, சுருக்கமாக பிஎஸ்4. முதலில் வந்தது 2013 நவம்பரில். ஒல்லியான ஸ்லிம் மாடல் 2016 செப்டம்பரில் வந்தது. இன்றைக்குப் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, வள்ளியூர் என்று எங்கே விசாரித்தாலும் கைமாறிய பெட்டிதான் அகப்படும். கண்டிஷனைப் பொறுத்து 12,000 முதல் 18,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்த 2021 பிப்ரவரியிலேயே 49,990 ரூபாய். பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தக் காசு கட்டுப்படியாகாது, பழைய பிஎஸ்4 கட்டுப்படியாகும். ஆனால் பெட்டி எந்த ஊரில், எந்த அறையில் ஓடியது என்று தெரியாமல் வாங்கினால் ஒரு கோடைகூடத் தாண்டாது.

முதலில் மாடல். பின்பக்க ஸ்டிக்கரில் சியுஎச்-1 (CUH-1) என்று தொடங்கினால் பழைய தடிமன் மாடல், சியுஎச்-2 ஸ்லிம், சியுஎச்-7 என்றால் திறன் கூடிய ப்ரோ மாடல். ப்ரோவுக்கு ஆசைப்பட வேண்டாம். அதன் உச்சபட்ச மின்சாரக் கணக்கு 310 வாட், ஸ்லிம்முக்கு 165 வாட். அந்த வித்தியாசம் அப்படியே சூடாகத்தான் வெளியே வரும். நம்ம ஊருக்கு ஸ்லிம்தான். விளையாடும்போது நூறு வாட்டுக்குள் இழுக்கும். தினம் ரெண்டு மணி நேரம் ஓடினாலும் ரெண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 'கேம் ஓடுனா கரண்டு பில்லு எகிறும்' என்கிற பயம் தேவையில்லை.

விற்பவர் எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஒரு வருசம்தான் ஓடுச்சு, பையன் காலேஜுக்குப் போய்ட்டான்." இருக்கலாம். பெட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி மாதிரி கடலோரத்தில் ஓடிய பெட்டி என்றால் பின்பக்கம் டிவி ஒயர் மாட்டுகிற எச்டிஎம்ஐ போர்ட்டின் உலோக விளிம்பை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று முதலில் அங்கேதான் கடிக்கும். விளிம்பு மங்கிப் பச்சையோ பழுப்போ பூத்திருந்தால் உள்ளே போர்டிலும் அப்படித்தான் இருக்கும். மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். திசையன்விளைப் பக்கத்துப் பெட்டியில் தேரி மண். செம்மண் தூள் மாவு மாதிரி நைசாக உள்ளே போய் ஃபேனுக்கும், சூட்டை இழுத்து வெளியேற்றுகிற ஹீட்சிங் என்ற உலோகத் தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். இது துடைத்தால் போகிற சமாச்சாரம், அதற்காகப் பேரம் பேசலாம், ஒதுக்க வேண்டியதில்லை. பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலோரம் இருந்த பெட்டிக்கும் இதே கதைதான்.

மண்ணைவிட மோசம் கரப்பான். இருட்டு, சூடு, ஓட்டை என்று கரப்பானுக்குப் பிடித்த மூன்றும் பிஎஸ்4-ல் உண்டு. பின்பக்கக் காற்று வழியில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். அடுப்படி அலமாரி வாடை வந்தால் உள்ளே குடும்பமே இருக்கிறது. அதன் எச்சம் பவர் சப்ளைப் போர்டில் பட்டு ஷார்ட் ஆகும். அந்தப் பெட்டியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் டிவி ஸ்டாண்டுக்கும் குடிவரும்.

காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுகிற கேம் கடை நடத்தி மூடியவர்களின் பெட்டியும் சந்தையில் நிறைய. அது தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிய உழவு மாடு. அடையாளம் பார்ப்பது எளிது: பவர் பட்டனைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்திருக்கும், நாலு கன்ட்ரோலர் சேர்த்துக் கொடுப்பார்கள், நாலுமே நொந்திருக்கும்.

இனி ஓடவிட்டுப் பார்ப்பது. மெனுவை மட்டும் காட்டிவிட்டு 'பாருங்க, சூப்பரா இருக்கு' என்றால் ஏற்கக் கூடாது. மெனுவில் எந்தப் பெட்டியும் அமைதியாகத்தான் இருக்கும். கிராபிக்ஸ் கனமான ஒரு கேமை முப்பது நிமிசம் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம் பத்தாவது நிமிசத்திலேயே மிக்ஸி மாதிரி ஏறினால் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற பசை, தெர்மல் பேஸ்ட், காய்ந்துவிட்டது. அது பரவாயில்லை, சரி பண்ணலாம். ஆனால் 'சூடாகிவிட்டது, அணைக்கவும்' என்று திரையில் எச்சரிக்கை வந்தாலோ, நீல விளக்கு துடித்துத் துடித்து அணைந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஓடும்போதே எச்டிஎம்ஐ ஒயரை லேசாக மேலும் கீழும் ஆட்டணும். படம் விட்டு விட்டு வந்தால் போர்ட் சாலிடர் தளர்ந்திருக்கிறது. டிஸ்க்கைப் போட்டு எடுத்து மூன்று தடவை பார்க்கணும். சிஇ-34878-0 என்று ஒரு பிழை எண் வந்தால் கேம் நின்றுபோனதற்கான பொதுவான எண்தான், ஒரு தடவை வந்தால் பதற வேண்டாம். சிஇ-34335-8 வந்தால் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அதிலும் நல்லது ஒன்று உண்டு: ஸ்லிம்மில் பின்பக்க மூலையில் உள்ள சின்ன மூடியை இழுத்து, ஒரு ஸ்க்ரூ கழற்றினால் டிஸ்க் தட்டோடு வெளியே வந்துவிடும். 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாத எந்த 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் பொருந்தும். எஸ்எஸ்டி போட்டால் கேம் லோடு ஆகிற நேரம் நன்றாகவே குறையும்.

புது டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். பென்டிரைவை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடியில் ஃபார்மட் செய்து, அதில் PS4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் UPDATE என்று ஒன்று, அதற்குள் கோப்பு. எல்லாம் பெரிய எழுத்தில். சோனி தளத்தில் சாதாரண அப்டேட், முழு ரீஇன்ஸ்டால் என்று ரெண்டு கோப்பு இருக்கும். சின்னதை இறக்கிவிட்டு 'கோப்பைக் காணவில்லை' என்று புலம்புகிறவர்கள் அநேகம். வெறும் டிஸ்க்குக்கு ஒரு ஜிபிக்கு மேல் இருக்கிற பெரிய கோப்புதான் வேண்டும். அணைந்திருக்கும்போது பவர் பட்டனை ரெண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு என்கிற பழுதுபார்க்கும் மெனு வரும், அதில் ஏழாவது வழி சிஸ்டத்தை முழுசாக ஏற்றுவது. கன்ட்ரோலரை ஒயரில் மாட்டியிருக்கணும். அந்த ஒயர் வெறும் சார்ஜ் ஏற்றுகிற மலிவு ஒயராக இருந்தால் கன்ட்ரோலர் வேலை செய்யாது. டேட்டா போகிற மைக்ரோ யுஎஸ்பி ஒயர் வேண்டும். முப்பது ரூபாய் ஒயரால் 'பெட்டி போச்சு' என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இன்னொரு சோதனை நாணய பேட்டரிக்கு. உள்ளே சிஆர்2032 ஒன்று இருக்கிறது, கடிகாரத்துக்காக. நெட்டைத் துண்டித்து, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிசம் கழித்துப் போடுங்கள். தேதி ஏதோ பழைய காலத்துக்குப் போயிருந்தால் பேட்டரி செத்தது. முன்னே இது செத்தால் டிஸ்க் கேம்கூட ஓடாமல் போகும் ஆபத்து இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே இது பேரத்துக்கான குறைதான்.

9.00 என்றதும் ஒரு எச்சரிக்கை. 'ஐம்பது கேம் போட்டுத் தாரோம்' என்று விற்கிற, சோனியின் பூட்டை உடைத்த ஜெயில்பிரேக் பெட்டிகள் 9.00, 11.00 மாதிரிப் பழைய பதிப்பிலேயே நிறுத்தப்பட்டவை. செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போனால் எண் தெரியும். அதை நெட்டில் விட்டால் சோனி தடை போடும், அப்டேட் செய்தால் இலவச கேம் எல்லாம் போகும். ரெண்டும்கெட்டான். வாங்குகிற இடத்திலேயே உங்கள் அக்கவுன்டில் நெட்டுக்குள் நுழைந்து பார்த்துவிடுவது உத்தமம். விற்பவர் தன் அக்கவுன்டில் 'பிரைமரி பிஎஸ்4' என்பதை நீக்கி, எல்லாவற்றையும் அழித்து முழுசாக இனிஷியலைஸ் செய்து தரவேண்டும்.

கன்ட்ரோலர் டூயல்ஷாக் 4, ஆயிரம் எம்ஏஎச் பேட்டரி. தொடாமல் வைத்திருக்கும்போதே திரையில் ஆள் தன்னால் நடந்தால் அது டிரிஃப்ட். கட்டைவிரலால் தள்ளுகிற குச்சிக்கு அடியில் கார்பன் தடம் ஒன்று இருக்கிறது, அது தேய்வதால் வருவது. ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். நிரந்தரம் வேண்டும் என்றால் குச்சியின் மாட்யூலையே மாற்றி சாலிடர் பண்ணணும். பதினாலு கால் கொண்ட சின்ன வேலை, செல்போன் சர்வீஸ் கை இருந்தால் முடியும். 'ஃபர்ஸ்ட் காப்பி' கன்ட்ரோலரை இனம் கண்டுபிடிக்க டச்பேடு, ஹெட்போன் ஓட்டை, அசைத்தால் திரும்புகிற மோஷன் மூன்றையும் சோதியுங்கள். ஏதாவது ஒன்று பொம்மையாக இருக்கும்.

டிஸ்க் கீறினால் பற்பசை தேய்ப்பது டிவிடி காலத்து வைத்தியம். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். தேய்த்தால் படிக்கிற பக்கமே போய்விடும்.

இனி வெயில். சோனி சொல்கிற வெப்ப அளவு 5 முதல் 35 டிகிரி. மே மாசம் பாளையங்கோட்டையில் வெளியே 38, 39 டிகிரி சர்வசாதாரணம். தட்டட்டிக்கு நேர்கீழே இருக்கிற அறை மத்தியானம் மூணு மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, கோடை லீவில் காலை பதினொன்றுக்கு முன்னாலும் ராத்திரி ஏழுக்குப் பிறகும்தான் விளையாட்டு. பிள்ளைகளுக்குச் சட்டம் போட இது நல்ல சாக்கும்கூட. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் இடைவெளி. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்கக் கூடாது. தூசு படக்கூடாது என்று பாசத்தோடு பூப்போட்ட துணி உறை தைத்துப் போடுகிற வீடுகள் நம்ம ஊரில் உண்டு. ஓடாத நேரத்தில் போடலாம், ஓடும்போது எடுக்க மறந்தால் அடுப்பில் பொரியல் சட்டியை மூடினமாதிரிதான்.

தேரிப் பக்கம் என்றால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை புளோயர். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி குச்சியால் பிடித்துக்கொள்ளணும், வேகமாகச் சுற்றினால் பேரிங் போகும். தெர்மல் பேஸ்ட் மூணு வருசத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். நடுவில் குண்டு உள்ள நட்சத்திர ஸ்க்ரூக்கு நடுவில் ஓட்டை உள்ள டி8 பிட் வேண்டும், சாதாரண டி8 உள்ளே இறங்காது. பட்டாணி அளவு பேஸ்ட் தாராளம். ஜங்ஷன் பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிற யாரும் செய்வார்கள், கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

கரண்டு போய் வருவது இன்னொரு தலைவலி. கேம் சேவ் ஆகும்போது பட்டென்று அணைந்தால் டேட்டாபேஸ் குழம்பும். சேஃப் மோடில் ஐந்தாவது வழி, ரீபில்ட் டேட்டாபேஸ், அதைச் சரிசெய்யும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சின்ன சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் பெட்டி அணையாமலே மாறும். ஈகோ மோடில் மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில்தான் அணைகிறது. லோ வோல்டேஜ் கிராமத்தில் யுபிஎஸ் மோடு அடிக்கடி பேட்டரிக்குத் தாவும், அங்கே யோசித்துச் செய்யுங்கள்.

என்ன விளையாடலாம் என்பதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ஜிடிஏ 6 இதில் வராது, அதை இப்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள். கால்பந்து எஃப்சி 26 வரை வந்திருக்கிறது, கிரிக்கெட் 24 உண்டு. காசு கொடுத்து வாங்கிய கேமை நெட்டில் மற்றவர்களோடு ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கேட்கும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்குக் கேட்காது. மெனு தமிழில் கிடையாது.

'கேம்' என்றாலே வீட்டில் முகம் சுளிப்பதற்குக் காரணம் பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ரம்மிதான். அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கே தடைச்சட்டம் கொண்டுவந்தது. டிஸ்க் போட்டு ஆடும் பந்தாட்டத்தை அதோடு சேர்ப்பது அநியாயம் என்றுதான் முதலில் தோன்றும். முழுக்க அநியாயம் இல்லை. எஃப்சியில் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி. காசு கொடுத்துச் சீட்டுக்கட்டு வாங்கினால் உள்ளே எந்த ஆட்டக்காரர் வருவார் என்று தெரியாது. பெல்ஜியத்தில் இதைச் சூதாட்டம் என்று 2018-ல் சொன்ன பிறகு, 2019-ல் அங்கே அந்த விற்பனையை நிறுத்தினார்கள். இங்கே அது திறந்துதான் கிடக்கிறது. கார்டு எண்ணைப் பெட்டியில் சேமிக்காதீர்கள். பிள்ளைக்குத் தனி சைல்டு அக்கவுன்ட் திறந்து, ஃபேமிலி மேனேஜ்மென்ட்டில் மாசச் செலவைப் பூஜ்யமாக வையுங்கள். விளையாடும் நேரத்தையும் அங்கேயே கட்டலாம்.

மாடிப்படி ஏறிப் போகிற கேம் கடைகளில் பெண்பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வம். கூடத்தில் பெட்டி இருந்தால் அக்காவும் ஆடுவாள், ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே ஸ்கோர் கேட்பாள். அதனால் ரெண்டாவது கன்ட்ரோலருக்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். ரெண்டு பேர் இல்லாமல் நகரவே நகராத இட் டேக்ஸ் டூ மாதிரி கேம் ஒன்றை முதல் டிஸ்க்காக வாங்கலாம். டிவியில் கேம் மோடைப் போட மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் பட்டன் அமுக்கியதற்கும் திரையில் குதிப்பதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும், தம்பி தோற்கும்போதெல்லாம் கன்ட்ரோலரைத்தான் திட்டுவான்.