ஃப்ரெஷர் வேலைக்கு 214 விண்ணப்பங்கள்: ஆப், முகாம், ஆடிட்டர் ஆபீஸ் என என் அனுபவம்

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல். அம்மா பீடி சுற்றுகிறாள். சுற்றி முடித்ததைக் கட்டுக்கு 25 என்று அடுக்கிப் பீடிக்கடைக்குக் கொண்டுபோவாள். அங்கே இருப்பவர் ஒரு கட்டைப் பிரித்து, விரலால் உருட்டிப் பார்ப்பார். தூள் குறைவு, மடக்கு சரியில்லை, இலையில் ஓட்டை என்று சொல்லிச் சொல்லியே கழிப்பார். அம்மாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எதற்குக் கழித்தார்கள் என்று தெரிந்துவிடும். மறுநாள் மடக்கை இன்னும் அழுத்தி மடக்குவாள்.

நான் 2024 ஏப்ரலில் பி.காம். முடித்தேன். ஜூன் முதல் வேலை தேடினேன். முதல் 15 மாதத்தில் 214 விண்ணப்பங்கள். ஒரு நோட்டில் தேதி, வேலை, ஊர், பதில் என்று கட்டம் போட்டு எழுதி வந்தேன். கடைசியாக ஒரு கட்டம்: "ஏன் இல்லை?" அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவை ஒன்பதே ஒன்பது. மற்றதெல்லாம் வெறும் தாள். எந்த வழியில் தேடினால் அந்தக் கட்டம் நிரம்பியது, எதில் நிரம்பவே இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போலத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நாலு மாதமாவது மிச்சமானால் போதும்.

முதலில் ஆப். மூன்று ஆப் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம், மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "ஃப்ரெஷர்" என்று வடிகட்டி, ஊர் திருநெல்வேலி என்று கொடுத்தால் வருபவை பெரும்பாலும் டெலிகாலிங், கமிஷன் மட்டும் தரும் இன்சூரன்ஸ் வேலை, சொந்த வண்டியும் லைசென்ஸும் கேட்கும் கடன் வசூல் வேலை. அக்கவுண்ட்ஸ் வேலை என்று தேடினால் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர் என்று போய்விடும். அனுபவம் 0–1 வருடம் என்று போட்டிருப்பார்கள். ஃபோன் வந்தால் முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்பதுதான். எங்கேயும் இல்லை என்றதும் "சொல்றோம்" என்று வைத்துவிடுவார்கள். முதல் வேலைக்கே முன்அனுபவம் வேண்டும் என்றால் அந்த அனுபவத்துக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியோடு எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் ஆனால் அம்மா சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே கேட்பாள்: "ஏட்டி, ஃபோன் ஏதும் வந்துச்சா?"

"வரலம்மா."

அதற்கு மேல் கேட்க மாட்டாள். கத்திரிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆப்பில் ஒரு விஷயத்தை நான் ஏழு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என் ரெஸ்யூம் பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தை நெடுக்கே பிரித்து இரண்டு பத்தி, இடது பக்கம் கலர் பட்டை, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலிக்கு நாலு நட்சத்திரம், எக்செல்லுக்கு மூன்று. ஒருநாள் ஒரு கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில் அதை ஏற்றினேன். ரெஸ்யூமைப் படித்து அந்தப் பக்கம் தானாகவே படிவத்தை நிரப்பியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெரு பெயர். ஃபோன் நம்பரின் பாதி இலக்கங்கள் முகவரிக்குள். படிப்பு இருக்க வேண்டிய கட்டம் காலி. இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்து ஒரே வரியாகப் படித்திருக்கிறது. நட்சத்திரங்களெல்லாம் படம், அவற்றை அது படிக்கவே இல்லை. அதுவரை அனுப்பியவற்றில் எத்தனை இப்படிச் சிதைந்து போயினவோ. அன்றே ஒரே பத்தியில், கலர் இல்லாமல், படம் இல்லாமல் புதிதாகத் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கினேன். அப்புறம் மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த ஃபோன் மூன்று, நான்கு என்று ஆனது. வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ஒரு வேலை வந்தது. பதிவுக் கட்டணம் 1,500 கேட்டார்கள், அம்மா பீடிக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஐந்து நாள் வேலை செய்து அனுப்பிய பிறகு, தவறு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் கோர்ட் நோட்டீஸ் வரும் என்று மிரட்டல். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மைனிதான் 1930-க்குக் கூப்பிடச் சொன்னாள். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. புகார் கொடுத்ததும் மிரட்டல் நின்றது, பணம் வரவில்லை. வேலை தருகிறேன் என்று பணம் கேட்டால் அந்த நிமிடமே விலகிவிடுங்கள். டெபாசிட் என்றாலும் சரி, ட்ரெயினிங் ஃபீஸ் என்றாலும் சரி.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அரசு வேலைகள் பெரும்பாலும் தேர்வு வழியாக வருவதால் பதிவை மட்டும் நம்பி உட்கார முடியாது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு, பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை நானும் 2025 ஜூலையில் எழுதினேன். தமிழ்ப் பகுதியில் தேறினேன், பொது அறிவில் போயிற்று.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் 2025 பிப்ரவரியில் சோலார் ஆலை திறந்தபோது எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதே பேச்சு. சொந்த மாவட்டத்திலேயே அப்படி ஒரு ஆலை வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் படித்தது பி.காம். மெஷின் பக்கம் போக என்னிடம் டிப்ளமோ இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்குப் பலன் தந்தது பதிவு இல்லை, முகாம். தனியார் கம்பெனிகளை வரவழைத்து, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை என்பதால் ஐந்து முகாமுக்குப் போக முடிந்தது. கூட்டம் இருக்கும், பாதிக் கம்பெனிகள் டெலிகாலிங்தான். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கிறார். நோட்டில் இருக்கும் ஒன்பது காரணங்களில் ஆறு இந்த மேசைகளில் கிடைத்தவை.

மூன்றாவது முகாமில் ஐம்பது வயசு இருக்கும் ஒரு சார் என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, "ஜி.எஸ்.டி. தெரியும்னு போட்டிருக்கீங்களே, ஜி.எஸ்.டி.ஆர்.-1க்கும் 3பி-க்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். இரண்டும் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் படிவங்கள். நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லப் பார்த்தேன், பாதியிலேயே திக்கியது. அவர் பொறுமையாகப் பேனாவால் என் ரெஸ்யூமின் பின்பக்கம் எழுதினார். ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் விற்பனை பில் விவரம், மாதா மாதம் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள். 3பி-யில் மொத்தக் கணக்கும் வரியும், 20-க்குள். "ரெண்டும் ஒத்துப் போகலேன்னா நோட்டீஸ் வரும். இந்த வேலையை ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு மாசம் பாருங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க" என்றார். வேலை தரவில்லை. ஆனால் அந்தத் தாளை இன்றுவரை வைத்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வந்தது, அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை.

மறுவாரம் பாளையங்கோட்டையில் ஆடிட்டர் போர்டு இருந்த வாசலெல்லாம் ஏறினேன். ஆப்பில் இந்த வேலைகள் ஒன்றுகூட வந்ததில்லை, அவர்கள் அங்கே விளம்பரம் போடுவதே இல்லை. ஒன்பதாவது ஆபீஸில் வருமான வரி ரிட்டர்ன் வேலை குவிந்து கிடந்தது. "நாளைக்கே வாங்க, பார்ப்போம்" என்றார்கள். 2025 செப்டம்பரில் சேர்ந்தேன். மாதம் 6,500. குறைவுதான், அதை நிறைவு என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் நான் பதிந்த பர்ச்சேஸ் பில்களில் பென்சிலால் சுழித்துச் சுழித்துத் திருப்பித் தருவார்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு எழுத்து மாறியது, வெளி மாநில பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடாமல் விட்டது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் இருக்கும்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் தேடுகிறேன், இப்போதும் ஆப் இருக்கிறது, ஒரே ஆப். வாரத்துக்கு இரண்டு விண்ணப்பம், அந்த வேலைக்கு ஏற்ப ரெஸ்யூமைத் திருத்தி அனுப்புகிறேன். போன வாரம் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ, வீடியோவில் 40 நிமிடம். நேற்று அவர்களே கூப்பிட்டார்கள். டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, அதன் காலாண்டு ரிட்டர்ன் சொந்தமாகச் செய்த ஆள் வேண்டுமாம், அதனால் இந்தத் தடவை இல்லை என்றார்கள்.

அம்மா இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு, "என்ன சொல்லுதாவ?" என்றாள். சொன்னேன். நோட்டை எடுத்து அந்தக் கட்டத்தில் "டி.டி.எஸ்." என்று எழுதினேன். ஆபீஸில் சீனியர் அக்காவிடம் கேட்டிருக்கிறேன், திங்கள்கிழமையிலிருந்து அந்த ஃபைல்களை என் மேசைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.