9ஏ எடுக்க எந்தப் பள்ளிக்கூடம்: ரவுணா, கரையோர ஊரா, படுவான்கரையா?

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பு ரவுணிலும் (நகரிலும்) கல்முனையிலும் பள்ளிக்கூட மதில்களில் பதாகைகள் ஏறிவிடும். 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்த பிள்ளைகளின் படங்கள் ஒரு வரிசை, 8ஏ எடுத்தவர்கள் கீழே இன்னொரு வரிசை. முகநூலிலும் இதே கணக்குத்தான் ஓடும். அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "சேர், பிள்ளைய எங்க போட்டா நல்லம்?"

பதாகையை வைத்து இதற்கு விடை சொல்ல ஏலாது. பாடசாலைகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எப்படிப்பட்ட பிள்ளை போய்ச் சேருகிறது, அங்கே யார் படிப்பிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விசயம் பிடிபடும்.

முதலில் ரவுண். புனித மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி, வின்சன்ட் மகளிர், புனித சிசிலியா மகளிர், சிவானந்தா, இந்துக் கல்லூரி எல்லாமே மத்திய கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது, வின்சன்ட் 1820இல், மிக்கேல் 1873இல். இவ்வளவு காலத்தில் சேர்ந்த கட்டடமும் ஆய்வுகூடமும் நூலகமும் பழைய மாணவர் சங்கப் பணமும் வேறு எந்தப் பாடசாலைக்கும் சுலபத்தில் வாய்க்காது. ஆனால் 9ஏ எண்ணிக்கைக்குப் பெரிய காரணம் அதுவல்ல என்பதே என் எண்ணம். பெரிய காரணம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை.

அந்தப் பரீட்சைக்கு இரண்டு வேலைகள் உண்டு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது ஒன்று. கூடிய புள்ளி எடுத்த பிள்ளையைத் தரம் 6இல் பெரிய பாடசாலைக்கு அனுப்புவது மற்றது. இரண்டாவது வேலையால் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, செங்கலடி, வாழைச்சேனைப் பக்கத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வருசா வருசம் ரவுணுக்கு நகர்கிறார்கள். கிராமத்து ஆசிரியை ஒருவர் ஐந்து வருசம் எழுத்துக் கூட்டி, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளை, இன்னும் ஆறு வருசம் கழித்து ரவுண் பாடசாலையின் பதாகையில் நிற்கிறது. ரவுண் பாடசாலை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளையைக் கெடுக்காமல் மேலே கொண்டுபோவதும் பெரிய வேலைதான். ஆனால் அந்த 9ஏயில் பாதி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் சேரவேண்டியது. அது எந்தப் பதாகையிலும் வராது.

எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். ஒரு ரவுண் பாடசாலையில் 240 பிள்ளைகள் பரீட்சை எழுதி 24 பேர் 9ஏ எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் 25 பேர் எழுதி இரண்டு பேர் 9ஏ. முதலாவது பத்து சதவீதம், இரண்டாவது எட்டு சதவீதம். தெரிவு செய்த பிள்ளைகளை வைத்திருக்கும் பாடசாலையும் தெரிவுக்குப் பிறகு மிஞ்சிய பிள்ளைகளை வைத்திருக்கும் பாடசாலையும் இவ்வளவு கிட்ட வந்தால், கூடப் பாடுபட்டது எது? எனக்குப் பதிலில் சந்தேகமில்லை.

அடுத்தது கரையோர ஊர்கள். களுவாஞ்சிகுடிப் பட்டிருப்பு தேசிய பாடசாலை, கல்முனை கார்மேல் பற்றிமா, கல்முனை சாஹிரா, மஹ்மூத் மகளிர், காரைதீவு விபுலானந்தா, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி மத்திய கல்லூரிகள். இந்த ஊர்களில் தேசிய பாடசாலையும் உண்டு, மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள மாகாணப் பாடசாலையும் உண்டு. அந்தப் பெயர் வித்தியாசம் இங்கே பெரிய பாதிப்பு செய்வதில்லை. ஏனென்றால் ஆசிரியர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மருதமுனையிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு ஒழுங்கைக்குள் போனால் நாலு வீட்டுக்கு ஒரு ஆசிரியர் வீடு. காலையில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ பத்து நிமிசத்தில் பாடசாலை. பின்னேர வகுப்பு வை என்றால் வைக்கலாம், சனிக்கிழமை வா என்றாலும் வருவார்கள். இரசாயனத்தில் ஒரு கணக்கு விளங்கவில்லை என்றால் பிள்ளை இரவு எட்டு மணிக்கும் சேர் வீட்டு முற்றத்தில் போய் நிற்கலாம். ரவுணுக்குப் பிள்ளையை அனுப்பாமலே நல்ல பெறுபேறு எடுக்க வழியுள்ள இடம் இதுதான். களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு, பெயருக்காகப் பிள்ளையை விடிய ஐந்தரைக்கு எழுப்பி பஸ்ஸில் ரவுணுக்கு அனுப்பும் பெற்றோரைப் பார்க்கக் கவலையாக இருக்கும். போக்குவரத்தில் போகிற மூன்று மணித்தியாலம் அந்தப் பிள்ளையின் படிப்பு நேரம், நித்திரை நேரம்.

இனிப் படுவான்கரை. இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

வாவிக்கு மேற்கே, மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் பாடசாலைகளில் பெரும்பாலானவை கஷ்ட, அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகள். ஆசிரியர்களில் கனபேர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்து வருகிறவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது லேசாகிவிட்டது. ஆனால் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கும் குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கும் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள், அந்தப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. காலையில் காற்றடித்தால், மழை இறுக்கினால், முதல் பாடவேளை போய்விடும். பின்னேரம் மேலதிக வகுப்பு வைக்கலாம் என்றால் இருட்டினால் யானை. பிள்ளையைக் காட்டோரத்து ஒழுங்கையால் ஆறு மணிக்கு நடந்து போ என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். மார்கழி மாரியில் வயல் வெளியெல்லாம் வெள்ளம். தரம் 13 முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையும் 2024இல் அதே மாதங்களில்தான் வந்தது. அந்த வருசம் நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் பரீட்சையே நடுவில் நிறுத்தப்பட்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

இப்படியான இடத்தில் ஒரு 9ஏ வந்தால், அதன் பின்னால் அநேகமாக ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் இருப்பார். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் நாலைந்து வருசம் ஒரே பாடசாலையில் நிலைத்திருந்தால் பெறுபேறு ஏறும். இடமாற்றம் வந்து ஒருவர் போனால் அடுத்த வருசமே இறங்கும். சின்னப் பாடசாலையின் பலமும் பலவீனமும் இதுதான். வகுப்பில் இருபது பிள்ளைகள்தான், ஒவ்வொருவரின் கொப்பியும் ஆசிரியர் கண்ணில் படும். நாற்பது பேர் உள்ள ரவுண் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை.

புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியை ஒட்டி எடுத்த பிள்ளையை ரவுணுக்கு அனுப்ப முன் இதைத்தான் யோசிக்கச் சொல்லுவேன். ஊரில் முதலாம் பிள்ளையாக இருந்தது, பதினொரு வயதில் சித்தி வீட்டிலோ விடுதியிலோ தங்கி, ஒரேயடியாக முப்பதாம் பிள்ளையாகிறது. சில பிள்ளைகள் அதை ஒரு வீம்பாக எடுத்து மேலே வரும். சில பிள்ளைகள் வாயே திறக்காமல் ஒதுங்கிவிடும். எந்தப் பிள்ளை எப்படி என்று தாய்க்குத் தெரியும். ஊர்ப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருந்தால், தரம் 11 வரை பிள்ளை தாயோடு இருக்கட்டும் என்பதே என் பக்கம். அந்த இரண்டு பாடத்துக்கும் ஆசிரியரே இல்லையென்றால் வேறு கதை, அனுப்பத்தான் வேண்டும்.

சர்வதேசப் பாடசாலைகளும் இந்தப் பக்கம் முளைத்துவிட்டன. ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்பு சின்னது. ஆனால் அங்கே வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்றால், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தை எண்ணும் வீட்டுக்கு அது சுற்றுவழி. ஆங்கிலத்துக்காக மட்டும் என்றால் அரச பாடசாலையிலேயே இருமொழிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ரியூசன் எல்லா வகைக்கும் நடுவில் நிற்கிறது. உயர்தரத்தில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்த ரவுண் பாடசாலையின் 3ஏயைத் தனியார் வகுப்பு ஆசிரியரும் தன் பதாகையில் போடுவார், ஒரே பிள்ளையின் படம் இரண்டு மதிலில் இருக்கும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிற பிள்ளைக்கு நல்ல பௌதிகவியல் வகுப்பு கூப்பிடு தூரத்தில். வெல்லாவெளியில் இருக்கிற பிள்ளைக்கு அதே வகுப்புக்கு பஸ் காசும் ஒரு முழு நாளும் போகும். ஆகையால் பாடசாலைகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பாதிநேரம் நாம் ஒப்பிடுவது வகுப்புக்குப் போக முடிந்த வீட்டையும் முடியாத வீட்டையும்தான்.

உயர்தரத்துக்கு வந்தால் என் கருத்து மாறும். நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒன்று அளவுதான். படுவான்கரையில் அவற்றை விரல்விட்டு எண்ணலாம். உயிரியலோ பௌதிகவியலோ படிக்க விரும்பும் பிள்ளை தரம் 12க்குப் பெரிய பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும், அதில் தயங்கக் கூடாது. செய்முறைக்கு ஆய்வுகூடம் வேண்டும், போட்டிக்கு நாலு பிள்ளை பக்கத்தில் வேண்டும். கலைப் பிரிவென்றால் அவ்வளவு அவசரமில்லை. தமிழும் புவியியலும் நன்றாகப் படிப்பிக்கும் ஊர்ப் பாடசாலைகள் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் தாராளம்.

இந்த இடத்தில் 9ஏயைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ. சாதாரண தரத்தில் இருவரும் ஒரே பதாகையில் இருப்பார்கள். உயர்தரத்தில் இசட் புள்ளி வரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும், அங்கே மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் இடம். கணிதத்தில் மட்டுமட்டாக ஏ எடுத்த பிள்ளையை 9ஏ என்பதற்காகவே கணிதப் பிரிவில் தள்ளுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அதாவது மருத்துவத்துக்குப் போட்டி போடும் நம் பிள்ளையின் முக்கியமான எதிராளி கொழும்பில் இல்லை, இதே மாவட்டத்தில்தான். ரவுண் பிள்ளையும் மண்டூர்ப் பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குள் நிற்கிறார்கள். மாவட்டங்களுக்கிடையில் ஏற்றத்தாழ்வை அந்த ஒதுக்கீடு கொஞ்சம் குறைக்கிறது. மாவட்டத்துக்குள்ளே வாவியின் இரண்டு கரைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அது தொடுவதேயில்லை.

ஆகையால் பாடசாலைக்குப் போய் விசாரிக்கும்போது எத்தனை 9ஏ என்று கேட்கவேண்டாம். எத்தனை பேர் எழுதினார்கள், கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடையவில்லை என்று கேளுங்கள். 9ஏ எடுத்தவர்களில் தரம் 1இல் இருந்தே அங்கே படித்தவர்கள் எத்தனை பேர், புலமைப்பரிசிலில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். உயர்தரம் என்றால் இரசாயனவியலுக்கு இப்போது யார் படிப்பிக்கிறார், எத்தனை வருசமாக இருக்கிறார் என்பதையும். நல்ல அதிபர் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுவார்.